மௌனமாய்க் கேட்பவர்

எங்கள் வீட்டில் ஒரு பலகை இருந்தது. இந்த வீட்டுக்குத் தலைவர் கிறிஸ்துதான், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் வந்து உட்காரும் கண்ணுக்குத் தெரியாத விருந்தாளியும் அவர்தான், நாம் பேசுகிற ஒவ்வொரு பேச்சையும் மௌனமாய்க் கேட்பவரும் அவர்தான் என்று அர்த்தம் வரும்படி அதில் எழுதியிருக்கும். அந்தக் காலத்தில் எந்த வேதக்கார வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் வாங்க என்று சொல்வது அந்தப் பலகைதான். எங்கள் வீட்டில் அதை மாட்டியிருந்த இடம் மட்டும் கொஞ்சம் விசேஷம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் எங்களுக்கு முன்னால் பலசரக்குக் கடை, பின்னால் வீடு. இரண்டுக்கும் நடுவில் அப்பாவின் கணக்குப் பெட்டி. பலகைக்கு ஆணி அடிக்கத் தோதான சுவர் அதற்கு நேர் மேலேதான் கிடைத்தது. ஆகவே மௌனமாய்க் கேட்பவர் எங்கள் வீட்டில் கேட்டதில் முக்கால்வாசி துவரம்பருப்பு விலை, பழைய பாக்கி, அப்புறம் "சனிக்கிழமை வா".

பரிசுத்தம் என்றால் அப்போது எனக்குத் தெரிந்தது ஒரு பட்டியல். சினிமா கூடாது. பொட்டு கூடாது. சீட்டு, பீடி கூடாது. ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கக் கூடாது. தேர் பார்க்கப் போகக் கூடாது. இதற்கெல்லாம் சேர்த்து 'வேறுபட்ட ஜீவியம்' என்று பெயர். 192 அடிக் கோபுரம் தலைக்கு மேலே நிற்கிற ஊரில் வேறுபட்டு ஜீவிப்பது லேசான காரியமில்லை. ஆடிப்பூரத் தேர் நிலையை விட்டுக் கிளம்பினால் எங்கள் கடைத் தகர டப்பாக்கள் அதிரும். நான் மொட்டைமாடிக்கு ஓடிவிடுவேன்.

"தேர் பார்க்கப் போனியாலே?"

"போகலப்பா."

பொய்யில்லை. தேர்தான் வந்தது.

ஒரு வருஷம் ஆடிப்பூரம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. சுற்று வட்டாரத்து ஜனமெல்லாம் தெருவில் நிற்கிறது. அப்பா ஆராதனை முடிந்து வந்து பூட்டிய கடைக்குள் உட்கார்ந்து வெகுநேரம் விசிறிக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு மேல் பின்கதவு வழியாக வெல்லமும் பொரிகடலையும் போக ஆரம்பித்தன. முன்கதவு சாயங்காலம் வரை பூட்டியபடியே இருந்தது. ஓய்வுநாளை அனுசரித்தோமா என்று யாராவது கேட்டால் முன்கதவு சாட்சி சொல்லும்.

எங்கள் பட்டியல் எங்களுக்கு மட்டுமே உரியது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்ததை உடைத்தவர் பக்கத்து வீட்டு மாமி. மார்கழி மாசம் விடிவதற்கு முன்னால் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை வரும். அதே நேரத்தில் எங்கள் சபையின் பஜனைக் கூட்டம் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு தெருவில் வரும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று மோதி, எது ஆண்டாள், எது பெத்லகேம் என்று பிரிக்க முடியாது. அந்தக் குளிரில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டே மாமி எனக்கு இரண்டாவது பாட்டுக்கு அர்த்தம் சொன்னார்.

"நோன்பு இருக்கிற பொண்ணுகள் நெய் சேத்துக்க மாட்டா, பால் குடிக்க மாட்டா. கண்ணுக்கு மை கிடையாது, தலைக்குப் பூ கிடையாது. ஒருத்தர்ட்ட போய் ஒருத்தரப் பத்திக் கோள் சொல்ல மாட்டா. இல்லாதவாளுக்குக் கொடுப்பா. உங்காத்துலயும் இதைத்தானேடா சொல்றா?"

எனக்கு மனசே ஆறவில்லை. எங்கள் மிஷனெரிமார் கப்பலேறி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எங்கள் தெருவிலேயே ஒரு பெண் கிட்டத்தட்ட எங்கள் பட்டியலைப் பாடி வைத்திருக்கிறாள். அதுவும் இன்றைக்குப் பால்கோவாவுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு பாலும் நெய்யும் வேண்டாம் என்று. மாமி இதையும் சொல்லிச் சிரித்தார்: 27ஆவது பாட்டுக்கு வந்தால் நோன்பு முடிந்து, பால்சோற்றை மூடிய நெய் முழங்கை வரை வழிந்துவிடுமாம். எங்கள் லெந்து நாட்களும் அப்படித்தான். 40 நாள் கறி விட்டவர்கள் ஈஸ்டர் மத்தியானம் எலும்பைக்கூட விடுவதில்லை.

அப்பா கெட்டவர் இல்லை. அதைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. தினமும் ராத்திரி குடும்ப ஜெபம் நடத்துவார். லேவியராகமம் 19ஆம் அதிகாரம் அவருக்கு மனப்பாடம். நான் பரிசுத்தர், அதனால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள் என்று கடவுள் சொல்கிற அதிகாரம் அது. மொத்தம் 37 வசனம். முதல் இரண்டு வசனத்தைக் கேட்டுவிட்டு, மோசே ஜனங்களை மலைமேல் ஏற்றி முழங்கால் போடச் சொல்லப்போகிறார் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அதிகாரம் சீக்கிரமே வயக்காட்டுக்குப் போகிறது, அங்கிருந்து கடைக்கு வருகிறது. வயலை ஓரம் வரைக்கும் அறுக்காதே. உதிர்ந்த பழத்தைப் பொறுக்காதே, அது ஏழைக்கு. கூலிக்காரன் கூலியை விடியும் வரை வைத்துக்கொள்ளாதே. காது கேட்காதவனைத் திட்டாதே. கோள் சொல்லித் திரியாதே. தராசும் படியும் சரியாக இருக்கட்டும். பொட்டைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை.

தராசு வசனத்தில் பழைய மொழிபெயர்ப்பு 'சுமுத்திரை' என்று ஒரு சொல்லைப் போட்டிருக்கும். சுமுத்திரையான தராசு, சுமுத்திரையான நிறைகல். வருஷாவருஷம் எடைக்கல் சோதிக்கிற இன்ஸ்பெக்டர் வந்து எங்கள் படிக்கல்லில் முத்திரை குத்திவிட்டுப் போவார். அந்த முத்திரையைத்தான் வேதம் சொல்கிறது என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். கடவுளே அனுப்பி வைக்கிற ஆள் என்பதால் அவர் வந்தால் எழுந்து நிற்பேன். அப்பாவும் எழுந்து நிற்பார். அவருடைய காரணம் வேறு.

எங்கள் படிக்கற்கள் உண்மையிலேயே சுமுத்திரையானவை. பொட்டலத்துக்குப் போடுகிற காகிதம்தான் கொஞ்சம் கனம். அதையும் சரக்கோடு சேர்த்து நிறுத்துத்தான் கட்டுவார் அப்பா. பொட்டலக் காகிதத்தைப் பற்றி மோசேக்கு வெளிப்படுத்தப்படவில்லை.

பெரியப்பாவுக்கு இராஜபாளையத்தில், மலை அடிவாரத்தில் மாந்தோப்பு. சபையில் மூத்த ஆள், உருக்கமாக ஜெபம் பண்ணுவார். உதிர்ந்ததை ஏழைக்கு விட்டுவிடு என்கிற வசனத்தை அவரும் வாசித்திருப்பார். அவர் வளர்த்த இராஜபாளையம் நாய் வாசிக்கவில்லை. பால்வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. காற்றடித்த மறுநாள் வேலிக்கு அந்தப் பக்கமாகக் கூடையோடு பிள்ளைகள் வந்தால் அது போடுகிற சத்தம் ஆற்றுக்கு அந்தக் கரை வரை கேட்கும். "நம்ம நாய் உண்மையுள்ள ஊழியக்காரன்" என்பார் பெரியப்பா.

இனி அந்தச் சனிக்கிழமை விஷயம். கடையில் பயறு, உளுந்து புடைத்துக் கல் பொறுக்க ஓர் அக்கா வருவார். நாள் கூலிதான் பேச்சு. ஆனால் கூலி சனிக்கிழமைதான் கிடைக்கும். "தினமும் குடுத்தா கையில நிக்காது, மொத்தமா வாங்கினா உபயோகம்" என்பது அப்பாவின் கட்சி. அவருடைய நல்லதுக்காக அவர் காசை நாங்கள் பத்திரப்படுத்தி வைத்திருந்தோம். கல்லாவில் கிடந்த அந்த ஆறு நாளில் அது எங்களுக்கும் உபயோகப்பட்டது என்பது வேறு விஷயம்.

எங்கள் சபைப் பெண்களுக்குப் பிடியரிசி என்று ஒரு வழக்கம். உலை வைக்கிறபோதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாகத் தகர டப்பாவில் போடவேண்டும். மாசக் கடைசியில் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். யார் வீட்டிலிருந்து எத்தனை படி என்று பெண்கள் கூட்டத்தில் சத்தமாக வாசிப்பார்கள். எங்கள் வீடு எப்போதும் கடைசி. பலசரக்குக் கடைக்காரர் வீடு! வாசிக்கிற அம்மாள் எங்கள் பெயர் வரும்போது மட்டும் குரலைத் தாழ்த்துவார்; அதில் எல்லோருக்கும் இன்னும் நன்றாகக் கேட்கும். அம்மா தலை குனிந்தபடி முந்தானை ஓரத்தை நீவிக்கொண்டிருப்பாள்.

நான் ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கியவன். இந்த அவமானத்தை என்னால் தாங்க முடியவில்லை. அரிசி எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். புடைக்க வரும் அக்கா கொல்லைப்புறம் வழியாகப் போகிறார். அம்மா பிடியரிசி டப்பாவை எடுத்து, அவர் முறத்தில் கவிழ்த்து, மேலே நாலு வற்றலையும் போட்டு, "சனிக்கிழமை கணக்குல சொல்லிராத" என்கிறாள்.

கர்த்தருக்குப் பிரித்து வைத்ததை எடுத்துக் கொடுக்கிறாள்! கர்த்தருக்கென்று ஒதுக்கியதை எடுத்துக் குடும்பத்தோடு அழிந்த ஆகானின் கதை எனக்குத் தெரியும். கோத்திரமே நாசமாய்ப் போகும். ஓடிப்போய் அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

அப்பா எழுந்து அடுக்களைக்குப் போவார் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பைபிளை எடுத்து, 19ஆம் அதிகாரத்தைத் திறந்து, 16ஆம் வசனத்தில் விரலை வைத்தார். கோள் சொல்லாதே. "நூறு தடவை எழுது."

எழுதினேன். விரலுக்கு மூன்று வசனம் மேலே 13 இருந்தது. கூலியை விடியவைக்காதே. நூறு தடவை 16ஐப் பார்த்து எழுதியவனுக்கு அது கண்ணில் படாமல் இருந்திருக்காது. அப்பாவின் கண்ணிலும் பட்டிருக்கும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மாமி சொன்ன நோன்புப் பாட்டிலும் கோள் கூடாது, மோசே சொன்னதிலும் கோள் கூடாது. இரண்டு மதத்துப் பட்டியலையும் ஒரே சாயங்காலத்தில் மீறிய ஆள் அந்தத் தெருவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சனிக்கிழமை சனிக்கிழமையாகவே இருந்தது. டப்பாவும் அதே இடத்தில் இருந்தது. அந்த மாசமும் எங்கள் வீடுதான் கடைசி.

இப்போது நான் ரிட்டயரான பேங்க் ஆள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இராஜபாளையத்தில் வீடு. பெரியப்பாவின் தோப்பு இருந்த இடம் பிளாட் ஆகிவிட்டது. உதிர்வதற்கு ஒன்றுமில்லை என்பதால் 10ஆம் வசனத்தை மீறவும் வழியில்லை.

பட்டியல் காணாமல் போய்விட்டது. சினிமா சட்டைப்பையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேரே ஹோட்டல். பட்டியல் போன இடத்துக்கு வாக்குத்தத்த வசனம் வந்திருக்கிறது. ஜனவரி 1 நள்ளிரவு ஆராதனையில் ஆளுக்கு ஓர் அட்டை எடுக்கிறோம். எல்லோருக்கும் ஆசீர்வாதம், உயர்வு, இரட்டிப்பான நன்மை. கூலியை உடனே கொடு என்கிற வசனத்தை யாரும் எடுத்ததாக நான் கேள்விப்படவில்லை. அச்சடிக்கிறவர்கள் அதை வாக்குத்தத்தத்தில் சேர்ப்பதில்லை. விடிந்தால் அந்த அட்டை கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும், சாயங்காலத்துக்குள் எல்லார் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும்.

சொல்லும் மாறிவிட்டது. 1995இல் வந்த திருவிவிலியம் பரிசுத்தத்தை எடுத்துவிட்டுத் தூய்மை என்று வைத்தது. நல்ல தமிழ்தான். ஆனால் அதே சொல்லை அரசாங்கமும் எடுத்துக்கொண்டு, துப்புரவுப் பணியாளர்களைத் தூய்மைப் பணியாளர்கள் என்று அழைக்க ஆரம்பித்தது. இன்றைக்கு எங்கள் தெருவில் வேலையின் பெயரிலேயே தூய்மையை வைத்திருக்கிறவர்கள் அவர்கள் மட்டும்தான். காலையில் விசில் ஊதிக்கொண்டு வண்டியோடு வருகிற அந்த அம்மாளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பதற்கென்று கேட்டுப் பக்கத்தில் தனியாக ஒரு பிளாஸ்டிக் பாட்டில் வைத்திருக்கிற வீடுகள் உண்டு. கேட்டில் வசனமும் உண்டு.

சபையில் பெருமைக்குக் குறைச்சல் இல்லை. எங்கள் வட்டாரம் 1910 வரை திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. 1854இல் ராக்லண்ட் என்கிற கேம்பிரிட்ஜ் படிப்பாளி, சென்னையில் இருந்த மிஷன் செயலர் உத்தியோகத்தை விட்டுவிட்டு, ஃபென், மெடோஸ் என்ற இரண்டு பேரோடு கூடாரம் தூக்கிக்கொண்டு வட திருநெல்வேலிக் கிராமங்களில் ஊர் ஊராக அலைந்தார். பங்களா கிடையாது, நாற்காலி அந்தஸ்து கிடையாது. நாலே வருஷம். 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் இறந்துபோனார். டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார் அவரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். மண்ணில் விழுந்து செத்தால்தான் விதை முளைக்கும் என்ற நினைப்போடு வாழ்ந்த மனிதர். அவர் கூடாரத்தைத் தூக்கிச் சுமந்தது எங்கள் பூட்டன்தான் என்று அப்பா சொல்வார். பெரியவனானதும் விசாரித்தேன். எங்கள் சபையில் எல்லார் பூட்டனும் தூக்கியிருக்கிறார்கள். கணக்குப் போட்டால் ராக்லண்டிடம் ஒரு பட்டாளத்துக்குரிய கூடாரங்கள் இருந்திருக்க வேண்டும். தூக்கிய பூட்டன்களின் பேரன்மார் இப்போது சேகரக் கமிட்டித் தேர்தலில் ஒருவர்மேல் ஒருவர் கேஸ் போட்டிருக்கிறார்கள்.

இதே இராஜபாளையத்துக்காரர்தான், 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்துக்கு முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா. தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். அந்த வழியாக நடந்துதான் நாங்கள் கமிட்டிக் கூட்டத்துக்குப் போகிறோம், கோயில் சுற்றுச்சுவர் ஓர் அடி யார் பக்கம் என்று பேச.

எதிர்வீட்டு ஆர்.சி. நண்பர் என்னைச் சும்மா விடமாட்டார். 2022 மே 15 அன்று தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தபோது இனிப்போடு வந்தார். நம் நட்டாலத்துக்காரர், குடும்பஸ்தர், திருவிதாங்கூர் அரண்மனையில் உத்தியோகம் பார்த்தவர், 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். "சாமியாரும் இல்ல, பிஷப்பும் இல்ல, சம்சாரி ஒருத்தர் புனிதராயிட்டார், பாத்தீங்களா சார்!"

"எங்களுக்கு அந்தச் சிரமமே இல்ல சார். நாங்க எல்லாருமே பரிசுத்தவான்கள்தான். பவுல் அப்படித்தான் எழுதியிருக்கார்."

"யாருக்கு எழுதினார்?"

கொரிந்து சபைக்கு. ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டுக்கொண்டு, பந்தியில் ஏழைக்கு மிச்சம் வைக்காமல் சாப்பிட்ட சபை அது. அந்த விவரத்தை அவரிடம் சொல்லவில்லை. தேவசகாயத்தைப் பீடத்தில் ஏற்றும்போது பெயருக்குப் பின்னால் இருந்த ஜாதிப் பட்டத்தை ரோம் விட்டுவிட்டது. எல்லா ஜாதியாரோடும் சமமாகப் பழகியவர் என்பதால் அதுதான் பொருத்தம். எங்கள் இரண்டு சபைகளின் வரன் விளம்பரங்களும் இன்னும் விடவில்லை என்பதையும் இரண்டு பேரும் பேசவில்லை. அவர் கொண்டுவந்த பால்கோவாவைச் சாப்பிட்டோம். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா. எலெக்ட்ரானிக் தராசு, ஒரு கிராம் பிசகாது. அட்டைப் பெட்டியோடு சேர்த்து நிறுத்திருந்தார்கள். அப்பா ஞாபகம் வந்தது.

பழைய பலகை பரணில் இருக்கிறது. புது வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று பையன் சொல்லிவிட்டான். அதற்குப் பதிலாக அலெக்ஸா வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஹாலில் ஒரு மூலையில் உட்கார்ந்து நாங்கள் பேசுவதையெல்லாம் அதுவும் மௌனமாய்க் கேட்கிறது. பழையவரைவிட ஒரு வசதி, பிளக்கைப் பிடுங்கினால் கேட்காது.

வீட்டு வேலைக்கு ஓர் அம்மா வருகிறார். ஒன்றாம் தேதி சம்பளம். போன மாசம் ஆறாம் தேதி ஆகியும் நான் அனுப்பவில்லை. காசு இல்லாமல் இல்லை. கேட்டபோது, "கூகுள் பே சர்வர் டவுன்மா" என்றேன். முதல் நாள் உண்மையிலேயே டவுன்தான். அப்புறம் அந்தச் சொல் வாய்க்கு வாகாக இருந்துவிட்டது.

அன்று மத்தியானம், லீவுக்கு வந்திருந்த பேத்தி, எட்டு வயசு, என் காதுக்குள் வந்து கிசுகிசுத்தாள்.

"தாத்தா, ஒரு ரகசியம். பாட்டி கோயில் சந்தா கவர்ல இருந்து பணம் எடுத்து அந்த ஆன்ட்டிகிட்ட குடுத்தாங்க. நான் கதவுக்குப் பின்னால இருந்து பாத்தேன்."

முகத்தில் ஞாயிறு பள்ளிப் பரிசு வாங்கின களை. 16ஆம் வசனம் என் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. கோள் சொல்லாதே, பாப்பா. பைபிளை எடுக்கக்கூட எழுந்துவிட்டேன். அப்பாவின் விரல் நினைவுக்கு வந்தது, அதற்கு மூன்று வசனம் மேலே இருந்ததும்.

"எவ்வளவு குடுத்தா?"

"ஒரு ஐந்நூறு ரூபா நோட்டு."

போனை எடுத்து முழுச் சம்பளத்தையும் அனுப்பினேன். டிங் என்று அடுக்களையில் அந்த அம்மாவின் போன் அடித்தது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இன்னைக்கு சர்வர் வேலை செய்யுதாக்கும்?"

பதில் சொல்லவில்லை. மனசுக்குள் என்னவோ லேசாக இருந்தது. இப்படி ஒன்று நடந்தால் எங்கள் சபையில் அதை வைத்திருக்கக் கூடாது, சாட்சியாகச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தேன். 'பிரியமானவர்களே, இன்று ஆண்டவர் என்னோடு இடைபட்டார்' என்று ஆரம்பித்து, லேவியராகமம், அம்மாவின் அரிசி டப்பா, வேலைக்கார அம்மாவின் கண்ணில் கண்ணீர் (அது இல்லை, சேர்த்துக்கொண்டேன்) எல்லாம் போட்டு உருக்கமாக முடித்தேன். அனுப்பப் போகும்போது, பிடியரிசிக் கணக்கு வாசிக்கிற கூட்டத்தில் முந்தானையை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா நினைவுக்கு வந்தாள். ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். வருஷக்கணக்கில் சொல்லவில்லை.

ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். சம்பளம் அனுப்பியதற்கு அரை நிமிஷம் ஆகியிருக்கும். இதற்குக் கால் மணி நேரம் ஆனது.